கூப்பிடாமல் வரும் விருந்தாளி!

கம்ப்யூட்டருக்குள் புகுந்து கொள்ளும் விளம்பரப் பேர்வழியை விரட்டுவது எப்படி?

மாலை 6 மணி. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மகளின் காலேஜ் விண்ணப்பத்தை அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

பொத்தானை அமுக்கினார். விண்ணப்பம் வரவில்லை. சீட்டாட்ட விளம்பரம் வந்தது!

அதை மூடினார். உடம்பு இளைக்க மாத்திரை என்று இன்னொரு விளம்பரம் வந்தது. அதையும் மூடினார். பிள்ளைகள் பார்க்கக் கூடாத படம் ஒன்று வந்து நின்றது!

"ஐயையோ! என்னங்க இது? குழந்தைங்க இருக்கிற இடத்திலே!" என்று அம்மா பதறினாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையே! டேய், மத்தியானம் நீதானே இதிலே உட்கார்ந்திருந்தே?" என்று அப்பா மகனைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு விளையாட்டு இறக்கினேன், அப்பா. காசு ஒண்ணும் கேட்கலை. இலவசம்தான்!" என்றான் பையன்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை. "கீ... கீ..." என்று கம்ப்யூட்டர் அலறியது. திரை முழுவதும் சிவப்பு நிறம்! "உங்கள் கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கிவிட்டது! அணைக்க வேண்டாம்! உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்!" என்று பெரிய எழுத்துக்களில் ஓர் அறிவிப்பு.

அப்பா நடுங்கிப் போனார். டெலிபோனைக் கையில் எடுத்தார்.

அவர் பேசலாமா? பேசினால் என்ன ஆகும்? அது இந்தக் கட்டுரையின் கடைசியில் தெரியும். அதற்கு முன் ஒரு கேள்வி. அழைக்காத இந்த விருந்தாளி வீட்டுக்குள் எப்படி வந்தான்?

யார் இவன்?

இவனுக்கு "ஆட்வேர்" என்று பெயர். தமிழில் விளம்பரப் புரோகிராம் என்று சொல்லலாம்.

கம்ப்யூட்டர் தானாக எந்த வேலையையும் செய்யாது. இதை இப்படிச் செய் என்று கட்டளைகளை எழுதி அதற்குள் வைக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்புதான் புரோகிராம். கடிதம் எழுத ஒரு புரோகிராம், பாட்டுக் கேட்க ஒரு புரோகிராம். அதுபோல, விளம்பரம் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட புரோகிராம்தான் ஆட்வேர்.

அது விளம்பரம் மட்டும் காட்டினால் போகிறது என்று விட்டுவிடலாம். அதோடு நிற்பதில்லை. இணையத்தைத் திறந்தால் முதலில் வரும் பக்கத்தை மாற்றிவிடும். நீங்கள் ஒன்றைத் தேடினால், தனக்கு வேண்டிய இடத்துக்கு இழுத்துக் கொண்டு போகும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எதை வாங்குகிறீர்கள் என்று வேவு பார்ப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டர் ஆமையாகிவிடும்!

இதனால் யாருக்கு லாபம்? விளம்பரம் ஒரு தடவை தெரிந்தால் அதை அனுப்பியவனுக்குச் சில்லறைக் காசு. அதை யாராவது தொட்டால் இன்னும் கொஞ்சம் காசு. ஒரு வீட்டில் வருவது சில்லறைதான். கோடி வீடுகளில் வந்தால்?

முதலையின் கதை

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல.

1998-ம் ஆண்டு அமெரிக்காவில் "கேட்டர்" என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. கேட்டர் என்றால் முதலை. இணையத்தில் பெயரையும் ரகசியச் சொல்லையும் திரும்பத் திரும்ப எழுதாமல், அந்த வேலையைத் தானே செய்து தரும் புரோகிராமை அந்தக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஜனங்கள் மகிழ்ச்சியோடு வாங்கிப் போட்டார்கள்.

முதலை சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தைப் படித்துக் கொண்டிருப்பார். அதன் மேலேயே முதலை தன் விளம்பரத்தைக் கொண்டு வந்து நிறுத்தும்! படிப்பவர், அது அந்தப் பத்திரிகையின் விளம்பரம் என்று நினைப்பார்.

"நியூயார்க் டைம்ஸ்", "வாஷிங்டன் போஸ்ட்" முதலிய பத்திரிகைகளின் கம்பெனிகள் 2002-ம் ஆண்டு கோர்ட்டுக்குப் போயின. மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. கேட்டர் தன் பெயரை மாற்றிக் கொண்டது. 2006-ம் ஆண்டில் அந்த விளம்பரத் தொழிலையே விட்டு விலகியது.

"சாங்கோ" என்று இன்னொரு கம்பெனி. அதன் புரோகிராம் அமெரிக்கக் கம்ப்யூட்டர்களில் 7 கோடி தடவைக்கு மேல் புகுத்தப்பட்டது. அது காட்டிய விளம்பரங்கள் 690 கோடிக்கும் அதிகம்! 2006-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. 30 லட்சம் டாலர் கட்டுவதற்கு அந்தக் கம்பெனி ஒப்புக் கொண்டது.

இந்தியாவுக்கும் வந்தது!

2017-ம் ஆண்டு ஜூன் மாதம். "செக் பாயிண்ட்" என்ற பாதுகாப்புக் கம்பெனி ஓர் அறிக்கை வெளியிட்டது. "ஃபயர்பால்" என்ற ஆட்வேர் உலகம் முழுவதும் 25 கோடி கம்ப்யூட்டர்களில் புகுந்து விட்டது என்று அதில் கண்டிருந்தது. ஃபயர்பால் என்றால் தீப்பந்து.

அந்தக் கணக்கின்படி, அதிகமாக அடிபட்ட நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான்! இங்கே 2 கோடியே 53 லட்சம் கம்ப்யூட்டர்கள்.

இந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி மறுத்தது. கணக்கில்தான் தகராறு. தீப்பந்து வந்தது என்பதில் தகராறு இல்லை. வந்த வழியிலும் தகராறு இல்லை. ஜனங்கள் விரும்பி வாங்கிய இலவசப் புரோகிராம்களோடு ஒட்டிக் கொண்டு வந்தது. நெல்லோடு பதர் வருவது போல!

கடையிலேயே உள்ளே இருந்தால்?

"நாங்கள் எதையும் இறக்குவதில்லை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர். எங்களுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது.

"லெனோவா" பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. 2014-ம் ஆண்டு அது விற்ற சில மடிக் கம்ப்யூட்டர்களில் "சூப்பர்ஃபிஷ்" என்ற கம்பெனியின் விளம்பரப் புரோகிராம் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே ஆள் இருந்தான்!

அதனால் வந்த ஆபத்து சாதாரணமானது அல்ல. பாங்கியோடு நாம் தொடர்பு கொள்ளும்போது, வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்திகள் பூட்டிய பெட்டியில் போய் வருகின்றன. விளம்பரம் காட்டுவதற்காக அந்தப் புரோகிராம் அந்தப் பெட்டியையும் நடுவில் திறந்து பார்த்தது! அதற்காக அது வைத்திருந்த சாவி, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே சாவி. ஒரு பாதுகாப்பு நிபுணர் சில மணி நேரத்தில் அந்தச் சாவியின் ரகசியச் சொல்லைக் கண்டுபிடித்து விட்டார். ஒரு திருடன் கண்டுபிடித்திருந்தால்?

2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. லெனோவா அந்தப் புரோகிராமை நிறுத்தியது. அதை நீக்கும் கருவியையும் வெளியிட்டது. 2017 செப்டம்பரில், 32 மாகாணங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்புக் கொண்டு வழக்கைத் தீர்த்துக் கொண்டது.

அம்மாவின் கம்ப்யூட்டரைக் கெடுத்த பையன்

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டவர்களில் ஒருவர், ஒரு பள்ளிக்கூடப் பையன்!

அவன் பெயர் மார்சின் கிளெசின்ஸ்கி. போலந்து நாட்டில் பிறந்தவன். சின்ன வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்துவிட்டான். இல்லினாய் மாகாணத்தில் பள்ளியில் படித்துக் கொண்டே, சிக்காகோவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலையும் பார்த்தான்.

2004-ம் ஆண்டு வாக்கில் அம்மாவின் கம்ப்யூட்டருக்கு நோய் கண்டது. காசு கொடுத்து வாங்கிய பிரபலமான வைரஸ் தடுப்புப் புரோகிராம்கள் அந்தக் கிருமியை நீக்கவில்லை. கடையில் என்ன செய்வார்கள்? சின்னக் கோளாறாக இருந்தாலும், கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார்கள். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல!

பையனுக்கு அது பிடிக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்களை இணையத்தின் மூலம் கேட்டுக் கேட்டுக் கற்றுக் கொண்டான். தானே புரோகிராம் எழுதத் தொடங்கினான். 2008-ம் ஆண்டு அது "மால்வேர்பைட்ஸ்" என்ற பெயரில் முறையாக வெளிவந்தது. இன்று அது உலகம் அறிந்த கம்பெனி. ஆட்வேரை நீக்குவதற்கென்றே உள்ள "ஆட்வ்கிளீனர்" என்ற இலவசக் கருவியை 2016-ம் ஆண்டு அந்தக் கம்பெனி வாங்கியது. இன்றும் அதை இலவசமாகவே தருகிறது.

எந்த வாசல் வழியாக வருகிறான்?

விருந்தாளி வரும் வாசல்கள் நான்கு.

முதல் வாசல், "நெக்ஸ்ட்" என்ற பொத்தான். ஒரு புரோகிராமைப் போடும்போது கேள்வி மேல் கேள்வி வரும். யாரும் படிப்பதில்லை. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அமுக்கிக் கொண்டே போவார்கள். நடுவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். "இந்தப் புரோகிராமையும் போடட்டுமா?" என்ற கேள்விக்கு, "சரி" என்று அவர்களே முன்கூட்டி அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள்! படிக்காமல் கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரிதான் இது.

இரண்டாவது வாசல், போலி "டவுன்லோட்" பொத்தான். ஒரே பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கும். பளபள என்று பெரிதாக இருப்பது பெரும்பாலும் விளம்பரம். திருட்டுப் படம், திருட்டு விளையாட்டு, பூட்டை உடைத்த புரோகிராம் தரும் இடங்களில் இந்த வித்தை அதிகம்.

மூன்றாவது வாசல், "எக்ஸ்டென்ஷன்". இணையம் பார்க்கும் புரோகிராமுக்கு பிரவுசர் என்று பெயர். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகியவை பிரவுசர்கள். அவற்றோடு ஒட்டிக் கொள்ளும் குட்டிப் புரோகிராம்தான் எக்ஸ்டென்ஷன். நல்லவையும் உண்டு, கெட்டவையும் உண்டு.

நான்காவது வாசல், "அலோ" என்ற பொத்தான். "நீங்கள் மனிதர்தான் என்று காட்ட இதை அமுக்குங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். அமுக்கினால், அந்தப் பக்கம் நினைத்த நேரத்தில் எல்லாம் உங்கள் திரையில் அறிவிப்புப் போட அனுமதி கொடுத்ததாக அர்த்தம்! கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமும் புகாமலே விளம்பரம் வந்து கொண்டிருக்கும்.

விரட்டும் வழி

சரி, வந்துவிட்டான். எப்படி விரட்டுவது? கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடுமுன், வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு உரிய வழி இது.

1. முதலில், முக்கியமான போட்டோக்களையும் கடிதங்களையும் வேறொரு பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். இறக்கிய புரோகிராம்களை அதில் பிரதி எடுக்க வேண்டாம்.

2. "செட்டிங்ஸ்" திறந்து, "ஆப்ஸ்" என்பதற்குள் போங்கள். கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்களின் பட்டியல் அங்கே இருக்கும். அதைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்த புரோகிராம் எது? அதன் பக்கத்தில் "அன்இன்ஸ்டால்" என்பதை அமுக்குங்கள். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் நீக்கிவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு அவசியமானதாக இருக்கலாம். தெரிந்தவரைக் கேட்டு நீக்குங்கள்.

3. பிரவுசரைத் திறந்து "எக்ஸ்டென்ஷன்ஸ்" பட்டியலைப் பாருங்கள். நீங்கள் போடாததை நீக்குங்கள்.

4. பிரவுசரின் செட்டிங்ஸில் "நோட்டிபிகேஷன்ஸ்" என்ற இடத்தைப் பாருங்கள். எந்தெந்தப் பக்கங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று தெரியும். பழக்கம் இல்லாத பெயர்களை எடுத்துவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு காரியத்திலேயே தொல்லை தீர்ந்துவிடும்!

5. அப்படியும் தீரவில்லையா? குரோமில் "ரீசெட் செட்டிங்ஸ்" என்று ஒன்று உண்டு. அதை அமுக்கினால் பிரவுசர் பழைய நிலைக்குத் திரும்பும். சேமித்து வைத்த பக்கங்களும் ரகசியச் சொற்களும் அழியா. பயம் வேண்டாம்.

6. அடுத்து, "விண்டோஸ் செக்யூரிட்டி". இது கம்ப்யூட்டரோடு இலவசமாகவே வரும் காவல்காரன். "வைரஸ்" என்ற பகுதியில் "புல் ஸ்கேன்" அமுக்கினால், மூலை முடுக்கெல்லாம் சோதனை போடும். நேரம் ஆகும், பொறுக்க வேண்டும். அங்கேயே "ஆப்லைன் ஸ்கேன்" என்றும் ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, ஒளிந்திருப்பவன் விழித்துக் கொள்ளுமுன் பிடிக்கும்.

7. இரண்டாவது வைத்தியரிடம் காட்டுவது போல, மேலே சொன்ன ஆட்வ்கிளீனரையும் ஓட்டிப் பார்க்கலாம். அதை மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். கிருமி நாசினி என்ற பெயரிலேயே கிருமிகள் உலவுகின்றன!

8. எல்லாம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துத் திறங்கள். சுத்தமானது தெரிந்தபின், பாங்கி, ஈ-மெயில் ஆகியவற்றின் ரகசியச் சொற்களை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விளம்பரம் வந்தால், தகுந்த ஆளிடம் காட்ட வேண்டியதுதான்.

வராமல் காப்பது எப்படி?

விரட்டுவதைவிட வராமல் காப்பது சுலபம்.

எந்தப் புரோகிராமையும் அதைச் செய்த கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தோ, விண்டோஸின் "ஸ்டோர்" கடையிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். போடும்போது "கஸ்டம்" என்ற வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வேண்டாத கட்டங்களில் உள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில், "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" என்ற பகுதியில், வேண்டாத புரோகிராம்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே பெயரில் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அதற்கு எஜமான் அதிகாரம் கொடுக்காதீர்கள். அப்போது முக்கியமான புரோகிராம்களைப் போட உங்கள் ரகசியச் சொல்லைக் கேட்கும். பீரோ சாவி பெரியவர்கள் இடுப்பில் இருப்பது போல!

விண்டோஸ் கேட்கும் திருத்தங்களை அவ்வப்போது போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள், மாற்று ஏற்பாட்டைக் கவனிப்பது நல்லது.

டெலிபோனை எடுத்த அப்பா

இப்போது அந்த அப்பாவிடம் வருவோம். டெலிபோன் அவர் கையில் இருக்கிறது.

பேசினால் என்ன ஆகும்? மறுமுனையில் ஒருவன் மரியாதையாகப் பேசுவான். "நான் பெரிய கம்பெனியிலிருந்து பேசுகிறேன்" என்பான். ஒரு புரோகிராமை இறக்கச் சொல்வான். அதை இறக்கியதும், அவன் இருந்த இடத்திலிருந்தே இவர் கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கலாம்! பிறகு, "பழுது பார்த்ததற்குக் கட்டணம்" என்பான். பாங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வான். டெலிபோனுக்கு வரும் ஒரு தடவை ரகசிய எண்ணைக் கேட்பான். மகளின் காலேஜுக்காகச் சேர்த்த பணம் போய்விடும்!

ஒன்றை மனத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். மைக்ரோசாப்ட் காட்டும் உண்மையான எச்சரிக்கையில் டெலிபோன் எண் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி.

அந்தச் சிவப்புத் திரை, வெறும் படம்தான். கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கியதற்கு அது அத்தாட்சி அல்ல. "எஸ்கேப்" பொத்தானைச் சற்று நேரம் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு "ஆல்ட்" பொத்தானையும் "எஃப்-4" பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் பிரவுசர் மூடிக் கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது, "பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா?" என்று பிரவுசர் கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து பணம் கொடுத்துவிட்டால்? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பாங்கிக்குத் தகவல் கொடுங்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். இணையக் குற்றங்களுக்காக இந்திய அரசாங்கம் வைத்திருக்கும் எண் இது. சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க வழி உண்டு. தாமதித்தால் கஷ்டம்.

பையனை அடிப்பதா?

கடைசியாக ஒரு வார்த்தை. தவறு செய்த பையனை என்ன செய்வது?

அடித்தால், அடுத்த தடவை சொல்ல மாட்டான். மறைப்பான். மறைத்தால் நோய் முற்றும். "இலவசம்" என்ற சொல்லைக் கேட்டு மயங்கியவன் அவன் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் பெரியவர்களும் மயங்கியிருக்கிறார்கள். ஆகவே பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். மேலே சொன்ன எட்டுக் காரியங்களையும் அவனையே செய்யச் சொல்லுங்கள். அம்மாவின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யக் கற்றுக் கொண்ட ஒரு பையன், பிறகு உலகத்தின் கம்ப்யூட்டர்களுக்கே மருந்து கொடுத்தான் அல்லவா?

அப்பா டெலிபோனைக் கீழே வைக்கட்டும். மகளின் விண்ணப்பத்துக்கு இரவு 12 மணி வரை நேரம் இருக்கிறது!